மல்லிகாவுக்கு மட்டும் புரிந்த பேச்சு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சரோஜாவின் போர்வை மூன்றும் ஈரம். பிரஷர் மாத்திரை நாளைக்கு மட்டும்தான். வாங்க வேண்டும்.

அவளுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதம். வலது பக்கம் இன்னும் வரவில்லை, பேச்சு குழறல். பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து மல்லிகா வந்து ஒரு மாதம். கடலோரக் குப்பத்துப் பெண். எட்டு மணிக்குச் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், ஆறு மணி வரை இருப்பாள்.

டீ கொண்டுபோனேன். சரோஜா ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். ம்ஹூம்.

"அம்மாவுக்கு டீ வேணாமாம் சார். சாத்துக்குடி ஜூஸ் கேக்குறாங்க." மல்லிகாதான், துணி மடித்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நாற்பத்தோரு வருஷமாக என் பெண்டாட்டி. அவள் சொல்வதை எனக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

6, வியாழன்

வெயில். போர்வை காய்ந்தது.

அறைக்குள் சிரிப்பு. நான் போனதும் நின்றுவிட்டது. மல்லிகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் குறிஞ்சிப்பாடியில் பம்புசெட் கொட்டகை மேல் ஏறிக் கிணற்றில் குதிப்பாளாம் சரோஜா. ஆம்பளைப் பிள்ளைகளோடு பந்தயமாம்.

எனக்குத் தெரியாது. பஸ் ஓட்டியவன். விடியுமுன் போவேன், வந்ததும் படுப்பேன். சரி. ஆனால் ஒரே மாதத்தில் மல்லிகாவிடம் மட்டும் எப்படிச் சொன்னாள்?

மதியம் நான் ஊட்டினேன். வாயை மூடிக்கொண்டாள். மல்லிகா ஸ்பூனை வாங்கினதும் திறந்தது. வாசற்படியில் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

7, வெள்ளி

எழுத வெட்கம். ஏஜென்சிக்கு போன் போட்டேன். "அந்தப் பொண்ணு எந்நேரமும் போனும் கையுமாவே இருக்கு. வேற ஆளு அனுப்புங்க."

பொய். அவள் போனைப் பையிலிருந்து எடுத்தே நான் பார்த்ததில்லை.

9, ஞாயிறு

நேற்றிலிருந்து புது ஆள். நல்ல பெண்தான், சுத்தம். சரோஜாவிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. இரண்டு நாளும் அரை டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். தலை வார விடவில்லை. நான் சீப்பை எடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

10, திங்கள்

நல்ல மழை. சொல்லிவிட்டேன்.

"நாந்தான் பொய் சொல்லி அனுப்பிட்டேன் சரோஜா."

என்னையே பார்த்தாள். "தெ... ரியும்."

அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஏஜென்சிக்கும் உண்மையைச் சொன்னேன். மல்லிகாவுக்கு அன்றிலிருந்து வேலையே கொடுக்கவில்லையாம். சிதம்பரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம்.

11, செவ்வாய்

புது ஆளிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் போனேன். பஸ்ஸில் இடமில்லை, டிரைவருக்கு வளைவில் வேகம் ஜாஸ்தி. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மல்லிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நா எப்ப சார் போன் பேசுனேன்?"

"பேசல."

"அப்புறம் ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"பொறாமைம்மா."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் முகம் இறுக்கமாகவே இருந்தது.

"பேரு கெட்டுப் போனா அப்புறம் எவன் சார் வீட்டுக்குள்ள விடுவான்?"

ஏஜென்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அம்மா சாப்புடுறாங்களா?"

"இல்ல."

கையைக் கழுவினாள். "வரேன். அம்மாவுக்காகத்தான். ஆனா நா வேல செய்யறப்ப வாசப்படில நின்னு மொறைக்கக் கூடாது. உள்ள வந்து கத்துக்கணும்."

13, வியாழன்

மல்லிகா வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரோஜா ஒரே அழுகை. எனக்காக என்றைக்காவது இப்படி அழுதிருப்பாளா? எரிச்சல் போய்விட்டது என்று எழுத முடியாது. இருக்கிறது.

ஒன்றரை டம்ளர் கஞ்சி, ஒரு இட்லி.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் கற்றுக்கொடுத்தாள். காலை அகட்டி வை. முட்டியை மடக்கு. இடுப்பைப் பிடி. சரோஜாவின் இடது கை என் கழுத்தைச் சுற்றி. மூன்று தடவை தப்பு, முதுகு பிடித்துக்கொண்டது. நாலாவது தடவை சரியாக வந்தது.

"உக்காந்தாச்சும்மா, கைய எடுங்க" என்றாள் மல்லிகா.

சரோஜா எடுக்கவில்லை.