மழைக்கு முந்தைய வானம்

ஏப்ரல் 4
சிட்டு வந்து ஒரு வாரம். இவருடைய மகள், ஒன்பது வயது. அம்மா தவறியதிலிருந்து அத்தை வீட்டில் வளர்ந்தவள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே அழைத்து வந்தோம். அவள் அறைக்கு நான் பார்த்துப் பார்த்துத் தைத்த ரோஸ் கலர் திரையைக் காட்டி, "பிடிச்சிருக்கா?" என்றேன்.
"பரவால்ல சித்தி."
மெத்தைக்கும் பரவால்ல, என் சமையலுக்கும் பரவால்ல. அப்பாவையும் அத்தையையும் "நீ, வா, போ" என்கிறாள். எனக்கு மட்டும் மூச்சுக்கு மூச்சு "நீங்க". துணிமணியெல்லாம் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, லாட்ஜில் தங்க வந்தவள் மாதிரி.

ஏப்ரல் 7
சிட்டுவை வளர்த்த நாத்தனார் போன் செய்தார். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வர்றேன். அவ அங்க ஒட்டலைன்னா கூட்டிட்டு வந்துடறேன். உன்மேல ஒண்ணும் தப்பு சொல்லல."
சொல்லாமல் சொல்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் பயம். போய்விடுவாளோ? பத்து நாளில் என்னடி பாசம் என்று யாராவது கேட்கலாம். ஆனால் இருக்கிறதே.

ஏப்ரல் 9
என் திரைச்சீலைக் கடைக்கு யார் வந்தாலும் முதலில், "உங்களுக்கு என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பையே எடுப்பேன். வீட்டில்? எல்லாம் முடித்துவிட்டு, "பிடிச்சிருக்கா?" மரமண்டை நான்.
இன்று கேட்டேன். சுவருக்கு என்ன கலர் வேணும்?
ரொம்ப நேரம் யோசித்து, "வானக் கலர்" என்றாள்.

ஏப்ரல் 10
நீலம் வாங்கி ஒரு சுவரை அடித்து முடித்தேன். "பரவால்ல சித்தி." அழுகையே வந்துவிட்டது.

ஏப்ரல் 11
பொறுக்காமல் கேட்டே விட்டேன். "நிஜத்தைச் சொல்லு. இது வானக் கலர் இல்லையா?"
"வானம்தான்... ஆனா நான் சொன்னது மழை வர்றதுக்கு முன்னாடி இருக்கற வானம்."
கடவுளே. பிள்ளை படுக்கிற அறையா, குடோனா? தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கறுப்பு பெயிண்ட் வாங்கப் போனேன். மிச்ச நீலத்தில் நான் கறுப்பை ஊற்ற, அவள் கிளறினாள். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" இந்தப் பூனைக்கு இவ்வளவு அதிகாரமா!

ஏப்ரல் 12
இடுப்பு ஒடிந்தது. சுவரில் எனக்கு மேல் பாதி, அவளுக்குக் கீழ் பாதி. இருவர் தலையிலும் மழைமேகம்.

ஏப்ரல் 15
திரையே வேண்டாமாம். "மழை வந்தா தெரியணும்ல?" திரை தைத்துப் பிழைக்கிறவள் வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கிறது. ரோஸ் திரை மிக்ஸிக்கு உறையாகிவிட்டது.

மே 28
நாத்தனார் வந்தார். வந்ததும் வராததுமாக, "எங்க அவ ரூம்?" என்றார். கதவைத் திறந்து காட்டினேன். சிட்டு தரையில் குப்புறப் படுத்துச் சுவரோரம் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். திரும்பினாள், கத்தினாள்.
"என் ரூமுக்குள்ள கேக்காம ஏன் சித்தி வந்த?"
"என்னடி இது! சித்தியைப் போய் வா, போன்னு..." என்று ஆரம்பித்த நாத்தனார் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அப்புறம் சிரித்தார். "சரிதான். இனிமே இவளை நான் எங்க கூட்டிட்டுப் போறது!"
கதவைச் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டினேன்.
"யாரு?"
"நான்தான்."
"ம்... வா."