தீய்ந்துபோன ஒற்றைக்கொம்பு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் ரோபோவிலிருந்து தலை நிமிராமலே "ம்" என்பீர்கள். இப்போது அந்த "ம்"கூட இல்லை. நானே பேசிக்கொண்டு போகிறேன்.

எட்டு மாதமாக பீரோ மேல் கிடந்த உங்கள் ரோபோவை நேற்றுக் காலை இறக்கினோம். டிபன் டப்பாவுக்கு டேப் ரெக்கார்டர் மோட்டாரும் இரண்டு சக்கரமும் வைத்து, அதற்கு ரோபோ என்று பெயரும் வைத்தவர் நீங்கள். தரையில் ஒட்டிய கருப்பு டேப்பின் மேல் தானாகப் போகுமாம். "கடைசில ஒண்ணு பண்ணும் பாரு, இப்ப சொல்லமாட்டேன்" என்று கௌரியிடம் சொன்னீர்கள். அடுத்த வாரமே ஆஸ்பத்திரி. அது என்ன என்று தெரியாமலே உங்கள் மகள் தவித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒட்டிய டேப்பை நான் இன்னும் உரிக்கவில்லை.

பழைய பாட்டரி செத்துவிட்டது. புதுசு கொடுத்த கடைக்காரர், "ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தீங்கன்னா சிப்பு போயிடும் மேடம். உள்ள இருக்கிற ப்ரோக்ராமும் கல்லாஸ்" என்றார். வேறு நகல் இல்லை. போன மழையில் உங்கள் கம்ப்யூட்டரும் போய்விட்டது. டப்பாவைப் பசை ஊற்றி மூடியிருக்கிறீர்கள், திறந்தும் பார்க்க முடியாது.

வெளியே வரும் இரண்டு ஒயரும் ஒரே சாம்பல் நிறம். ஒன்றில் காகிதப் பட்டையே இல்லை. இன்னொன்றில் உங்கள் கையெழுத்தில் "க". அதற்கு இடப்பக்கம் சூடு பட்டுத் தீய்ந்திருந்தது. முழுசாக எழுதினால் கை தேய்ந்தா போயிருக்கும்?

க என்றால் கருப்பு, கருப்பு என்றால் மைனஸ் என்று ஒயரைப் பாட்டரியிடம் கொண்டுபோனேன்.

"அம்மா, இரு! அப்பா என்னிக்கு சிவப்புன்னு சொல்லிருக்கார்? கெம்புன்னுதானே சொல்வார்!"

கை அப்படியே நின்றது. மூன்று தலைமுறையாகப் பெங்களூர் தொம்மலூரில் இருக்கும் குடும்பம், சிவப்பு உங்களுக்குக் கன்னடத்துக் கெம்புதான். பெண் பார்க்க வந்தபோது "அந்தக் கெம்பு புடவை நல்லாருக்கு" என்றீர்கள். கெம்புக் கல் வைத்த புடவையா என்று இந்த வேலூர்க்காரி முழித்தேன். அன்றிலிருந்து திருத்திக்கொண்டே இருந்தேன், நீங்கள் திருந்தவே இல்லை.

தீய்ந்த இடத்தில் ஒற்றைக்கொம்பு இருந்திருந்தால் அது "கெ", சிவப்பு, ப்ளஸ். இல்லாவிட்டால் வெறும் "க", மைனஸ். உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்க நீங்கள் இல்லையே என்று அழுகையும் வந்தது.

கௌரி பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்து நடுவில் இல்லை, வலது ஓரத்தை ஒட்டி இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில்கூட நட்டநடுவில் பெயர் எழுதி ஒட்டுகிற மனுஷன், ஒற்றை எழுத்தை ஓரத்திலா எழுதுவார்? கொம்புக்கு இடம் விட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒயரை ப்ளஸிலும் மற்றதை மைனஸிலும் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். புகை நாற்றம் வரவில்லை. சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

ஹாலைத் தாண்டி, வளைவில் கொஞ்சம் தடுமாறி, சமையலறை வாசலில் போய் நின்றது. அவ்வளவுதானா என்று கௌரி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அது கத்தியது. இரண்டு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக. தினமும் சாயங்காலம் வாசலில் வந்து ஸ்கூட்டர் ஹாரன் அடிப்பீர்களே, அதே மாதிரி.

பழக்கதோஷம்ங்க, நான் கேட்டைத் திறக்க ஓடினேன்.

பாட்டரி தீராமல் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒயரில் புதுப் பட்டை ஒட்டியாயிற்று, "கெம்பு" என்று முழுசாக. இனிமேல் இந்த வீட்டில் யாரும் அதைத் திருத்தமாட்டோம்.

உங்கள் வேலூர்க்காரி,
கௌரியின் அம்மா