அலை உடையாத இடம்

தருமபுரம், காரைக்கால்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அர்ஷியாவுக்கு,

ரிஃபாயின் ஸலாம். மார்சேயில் குளிர் குறைந்து, நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நான் நலம். கடையும் வீடும் நீ விட்டுப்போனபடியே இருக்கின்றன.

தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் முகம் வந்ததும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நம் தெரு காஜா நஜ்முதீன் இந்த வாரம் பாரிஸ் போகிறார். அங்கிருந்து தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டேன். கண்ணாடித் தொட்டியில் கனமான நீலத் திரவம் லேசான தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்குகிறதே, அந்தப் படம்தான். அங்கே புகைப்படக் கண்காட்சியில் இருந்தது, இங்கே பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே தொங்குகிறது. வருகிறவர்களெல்லாம் என்ன பூ என்று கேட்கிறார்கள். ஒருவர் அதே நீலத்தில் நாலு லிட்டர் வேண்டும் என்றார். பூ இல்லை, என் மனைவியின் ஆராய்ச்சி என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். வீட்டில் ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல் இப்போதெல்லாம் அடிக்கடி போகிறேன். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

கல்யாணமான புதிதில் நீ ஈர மணலில் வரைந்து காட்டினாய். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் அதன் வழியாக வேகமாகக் கடலுக்குள் ஓடும். ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும் என்றாய். புதுப்பெண் வேறு ஏதாவது பேசமாட்டாளா என்று அன்றைக்கு நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதே மாதிரி ஓர் இடம் தெரிந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கலங்கிய தண்ணீர், அதில் நுரையே இல்லை. நான் எழுந்து போய்ச் சொல்வதற்குள், போலகத்திலிருந்து வந்திருந்த முத்தையன் என்பவர் சரியாக அங்கேயே இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலை மட்டும்தான் தெரிந்தது. கரையைப் பார்த்துக் கையடித்து நீந்துகிறார், ஆனால் பின்னோக்கியே போகிறார். அவர் மனைவி வினோதா அவருடைய சட்டையைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் ஓடப்போனார். நான் மறித்து நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கரைக்கு நீந்தாதீங்கண்ணே. வடக்கால போங்க. அலை உடையுற பக்கமா போங்க."

அவருக்குக் காதில் விழவில்லை. என் சட்டையைக் கழற்றி வடக்குப் பக்கமாக வீசி வீசிக் காட்டினேன். எப்படியோ புரிந்துகொண்டு மெல்லத் திரும்பினார். பள்ளத்தை விட்டு விலகியதும் அலைகளே அவரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தன. கருக்களாச்சேரி மீனவர்கள் இரண்டு பேர் கயிற்றோடு ஓடிப்போய் இழுத்துவந்தார்கள்.

வினோதா அவர் நெஞ்சில் ஓங்கி அடித்தார். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

மூச்சு வந்ததும் முத்தையன், "இதெல்லாம் உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரம்மா சொல்லியிருக்காங்க."

"அவங்க எங்க இருக்காங்க?" என்றார் வினோதா. "நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"வீட்டுலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. பிரான்சில் இருக்கிறாய் என்று சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். நீ வீட்டில் இருப்பதாக ஒருவராவது நம்பட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "அப்ப மறக்காம சொல்லிடுங்க, அவங்களாலதான் இவரு வந்தாருன்னு" என்றார் வினோதா. இருவரும் பைக்கில் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை. அன்றிரவு ஃபோனில் உன்னிடம்கூடச் சொல்ல வரவில்லை. குரல் ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று முன்பு கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். நீ கேட்டது என் மனதை. அதை இப்போது சொல்கிறேன். இருந்து வேலையை முடி, அர்ஷியா. சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்கு உன் படிப்பு கணவரைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தபிறகு உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மனம் கூப்பிடுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். லீவு கிடைத்தால் என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று சொல்லாமல் வந்து நிற்காதே. முன்னாலேயே தேதியைச் சொல்லிவிடு. திருச்சி விமான நிலையத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். இங்கே சும்மா காத்திருப்பது வேறு, நீ வருகிற நாள் தெரிந்து காத்திருப்பது வேறு.

உன் அறிவிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

உன்,
ரிஃபாய்