கடைசி வண்டியின் இடம்

2022 மார்ச் 6, ஞாயிறு

ஒரு வழியாக எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் பினாங்குக் கிளை பிறந்துவிட்டது. கோலாலம்பூர் தலைமைக் கிளப்பிலிருந்து மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, பாகான் டாலாம் சாப்பாட்டுக் கடையில் வைத்து, கையில்லாத தோல் சட்டையான வெஸ்டின் முதுகில் தைக்கிற சின்னத்தைக் கொடுத்தார்கள். முத்துவீரப்பன் அண்ணன்தான் தலைவர். வாரமெல்லாம் ஆடிட்டர் ஆபீசில் டை கட்டுகிற மனிதர். தோல் வெஸ்ட் தொப்பைக்கு மேல் பூட்ட மாட்டேன் என்கிறது. சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஸ்வீப்பர் வேலை. வரிசையில் கடைசியாக வருவது. யார் வண்டி நின்றாலும் தானும் நின்று கூட்டிக்கொண்டு வருவது. எல்லா ஆம்பளைகளும் முன்னால் போக அடித்துக்கொள்கிறபோது சுஜீவன் மட்டும் இதைக் கேட்டு வாங்கினார். "முன்னுக்குப் போனா ரோட்டதான் பாக்கலாம். பின்னால வந்தா எல்லாரையும் பாக்கலாம் லா." சரிதான். பின்சீட்டில் இருக்கிற எனக்கு எல்லாருடைய புகையும்.

2022 ஜூன் 19

ஆயர் ஈத்தாம், சுங்கை பாக்காப் என்று எங்கெங்கிருந்தோ ஆள் சேர்கிறார்கள். கடைக்காரர் எங்களைக் கண்டாலே மேசைகளை ஒட்டிப் போடுகிறார்.

2022 நவம்பர் 14

எழுத வரவில்லை.

2022 நவம்பர் 29

எழுதிவிட வேண்டும். ஈப்போவிலிருந்து திரும்பும்போது, சுங்கை பாக்காப் பக்கத்தில், ஒருவருடைய வண்டிச் சங்கிலி அறுந்தது. சுஜீவன் அவருக்குப் பின்னால் நிறுத்தி, இறங்கி நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டினார். லோரி அடித்துவிட்டது. சங்கிலி அறுந்த அந்த மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எனக்குச் சளி என்று நான் வீட்டில் இருந்தேன். நானும் போயிருந்தால்? என்ன செய்திருப்பேன் — பக்கத்தில் நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

2022 டிசம்பர் 11

அவர் இல்லாத முதல் பயணம். வழியனுப்பப் போனேன். வீரப்பண்ணன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இனிமே கடைசி எடம் சுஜீவனுக்குத்தான். வேற யாரும் ஸ்வீப்பர் இல்ல. பின்னால அவன் பாத்துக்குவான்." எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். வாய்விட்டு அழுதேன். நன்றியாக இருந்தது.

2023 ஆகஸ்ட் 20

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இன்று அவருடைய வண்டியை நானே ஓட்டினேன். வரிசையில் கடைசி நான். எனக்குப் பின்னால் அவருக்கான காலி இடம்.

பத்து ஃபிரிங்கி கடற்கரைச் சாலையின் வளைவுகளில், வண்டிக் கண்ணாடியில், எனக்குப் பின்னால் ஒரு விளக்கு தெரிந்தது. பகலில்தான். நெருங்கவுமில்லை, விலகவுமில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது யாரோ ஒருத்தராகிவிடும்.

2024 மே 5

மலாக்கா, ஜொகூர் கிளைகளும் கடைசி இடத்தைக் காலியாக விட ஆரம்பித்துவிட்டன. சட்டையில்கூட அவர் பெயரை அச்சடித்தாயிற்று. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சுஜீவனைப் பார்த்ததே கிடையாது. ஆனால் எல்லாரும் புறப்படும்போது சொல்கிறார்கள், "பின்னால சுஜீவன் அண்ணன் இருக்காரு."

அந்த விளக்கு இன்னமும் சில பயணங்களில் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிட மோசம், நம்பிவிடுவார்கள்.

2025 பிப்ரவரி 16



தெலுக் பாஹாங் மலையில் விளக்கு கூடவே வந்தது. ஒரு வளைவில் மறைந்தது. அப்புறம் வரவே இல்லை. சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்! ஹெல்மெட்டுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பாலிக் பூலா கடையில் எல்லாருக்கும் லக்சா நூடுல்ஸ் வந்த பிறகுதான் யாரோ கேட்டார்கள், "அதிரா எங்க?"

அதிரா போன மாதம் சேர்ந்தவள். வரிசையின் நடுவில் வர வேண்டியவள் வளைவுக்கு வளைவு பின்தங்கி, நானும் கவனிக்காமல் முந்திவிட, எனக்குப் பின்னால் வந்திருக்கிறாள். அந்த விளக்கு அவளுடையது. வண்டிகளைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். ஒரு டுரியான் பழத் தோட்டக்காரர் அவளைச் சாலையோரப் பள்ளத்திலிருந்து ஏற்கெனவே தூக்கி வைத்திருந்தார். கால் உடைந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை.

கடவுளே.

2025 பிப்ரவரி 19

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதிரா என்னைச் சமாதானப்படுத்துகிறாள்!

"நான் கத்தவே இல்லக்கா. உங்க வண்டிச் சத்தமெல்லாம் தூரமா போயிடுச்சு. பயப்படல. பின்னால சுஜீவன் அண்ணன் வருவாருன்னு சொல்வீங்கல்ல, அப்படியே படுத்துக்கிட்டு ரோட்ட பாத்துக்கிட்டே இருந்தேன்."

'வந்தாரா?' என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். ஐயோ. அந்தப் பிள்ளை காலில் கம்பியோடு படுத்திருக்கிறாள், நான் அதைக் கேட்கப் போனேனே. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

2025 மார்ச் 2

கூட்டம். ஸ்வீப்பர் வேண்டும் என்று சொன்னேன். வீரப்பண்ணன் முகம் விழுந்துவிட்டது.

"அது அவன் எடம்மா. வேற ஆள போட்டா அவன தொரத்தின மாதிரி ஆயிடாதா? நீயே சொல்லலாமா?"

"அவரு செத்துட்டாருண்ணே."

இந்த இரண்டே கால் வருடத்தில் இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "நின்னுபோன வண்டிக்குப் பின்னால நின்னுதான் செத்தாரு. அந்த வேலைய யாரும் செய்யல. அவரு பேர சொல்லி ஹாரன் மட்டும் அடிக்கிறோம். நானும்தான்."

 கடைசியில் அண்ணன், "பின்னால யாரு வர்றது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2025 மார்ச் 16

ஈப்போ போய்த் திரும்பினோம். வழியில் ஒருவருடைய டயரில் காற்று இறங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் நிறுத்தி, நானும் அவரும் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏறி நின்றோம். லோரிகள் போகிற ஒவ்வொரு முறையும் தடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நின்றேன். உதவி வண்டி வந்து டயர் சரியானதும் அவரை முன்னால் விட்டு, நான் பின்னால் வந்தேன்.

ஜூருவில் எல்லாரும் காத்திருந்தார்கள். வீரப்பண்ணன் வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சாம்மா? பின்னால?"

"வந்தாச்சுண்ணே," என்றேன். "எனக்குப் பின்னால யாரும் இல்ல."