அப்பா போனில் வந்த சாவுச் செய்தி

அன்புள்ள மகன் ஜீவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ரிஷிவந்தியம் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. அன்றைக்கு ஒரு தடவை எடுத்து ஓவென்று அழுதுவிட்டு வைத்தவன்தான். பட்டாளத்தில் லீவு கொடுத்தும் கருமாதிக்கு வர மாட்டேன், அப்பா செத்த சேதியையே அழித்தவன் எந்த முகத்தோடு வந்து காரியம் செய்வது என்று இளவரசனிடம் சொன்னாயாம். உன் பெரியப்பா மகன் வந்து சொல்லித்தான் என் வயிற்றில் பிறந்தவன் மனசை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதே.

நம்ம பக்கம் சுற்றிய அந்தப் போன் வைரஸைப் பற்றி அப்பா உனக்கும் சொல்லியிருந்தார். ஆனால் அது எப்படி வந்தது, அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. வாட்ஸப்பில் கருமாதிப் பத்திரிகை என்று வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்துதான் வரும். செத்தது யார், எந்த வீடு, ஒன்றும் வெளியே தெரியாது, தொட்டுத் திறந்தால் தெரியும் என்கிற மாதிரி இருக்கும். வேறு எதுவாக இருந்தாலும் நம்ம சனம் ஒரு போன் போட்டு என்ன ஏது என்று கேட்டிருக்கும். இது சாவு விஷயமாயிற்றே. ஒரு வீட்டுக்குப் போன் போட்டு உங்கள் வீட்டில் யார் செத்தது என்று எந்த வாயால் கேட்பது? எல்லாரும் நன்றாக இருக்கிற வீடாக இருந்தால் நாமே வாய் வைத்த மாதிரி ஆகாதா? அதனால் ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாரும் திறந்து பார்த்தார்கள். திறந்ததும் அது போனுக்குள் உட்கார்ந்துகொண்டு அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை அனுப்பும், பேங்கிலிருந்து வருகிற ரகசிய நம்பரையும் படித்துக் கணக்கைத் துடைத்துவிடும். செய்தவன் எந்த ஊரில் உட்கார்ந்து செய்தானோ தெரியாது, நம்மை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான் பாவி.

அப்பாவுக்கு அது உரக்கடை ஷேக் தாவூது பாய் நம்பரிலிருந்து வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறக்கப் போனவர் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாடி இது, பாய் வூட்ல ஏது கருமாதி?” என்றார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். அவர் சம்சாரம் ரோஷன் பீவிதான் போய்விட்டார் என்று நினைத்து ரெண்டு பேர் மாலையோடு வந்து நிற்க, அந்த அம்மாவே அவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததாம். அப்பா வந்து சொன்னபோது சிரித்தேன். ஆனால் பாய் சரக்கு எடுக்க பேங்கில் வைத்திருந்த பணம் அத்தனையும் அதற்குள் போயிருந்தது. அன்றோடு அவர் போனை அணைத்துக் கல்லாவில் போட்டுப் பூட்டிவிட்டார்.

உங்கப்பா பேச்சை இந்த ஊர் எந்தக் காலத்தில் காதில் போட்டுக்கொண்டது? ஏரி மதகு அடைத்துக் கிடக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்பார், உட்காருய்யா கந்தசாமி என்பார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி ஏறுகிறது என்று வீடு வீடாகச் சொன்னார், சிரித்தார்கள். நானும்தான் எத்தனை தடவை போதும் வாயை மூடு என்றிருக்கிறேன். இந்த முறை மனுஷர் விடவில்லை. பால் சொசைட்டி, ரேஷன் கடை, கோயில் வாசல் ஒன்று பாக்கியில்லை. களமருதூர் போய் உன் மாயவன் மாமா வீட்டில் ஒரு பொழுது உட்கார்ந்து, சின்னது பெரியது எல்லார் போனையும் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. “சாவு சேதின்னு போன்ல எது வந்தாலும் தொறக்காதீங்க. நானே செத்துப் பூட்டேன்னு என் நம்பர்ல வந்தாக்கூட நம்பாதீங்க, அதுல இருந்து கூப்ட்டாலும் எடுக்காதீங்க. ஆள் நேர்ல வந்து சொன்னாத்தான் சாவு.” உனக்கும் அதையேதான் பேசி அனுப்பினார். நல்ல வார்த்தையே வாயில் வராதா உனக்கு என்று நான் திட்டினேன். “சும்மா சொன்னா எவன் கேக்குறான், இப்படிச் சொன்னாத்தான் மனசுல நிக்கும்” என்றார். நின்றதடா, எல்லார் மனசிலும் நின்றது.

வெள்ளிமலையில் நாம் சாமையும் தேனும் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன அல்லவா, அவர்களுக்கு இவர் பேசி அனுப்பியது போய்ச் சேரவில்லை. மலையில் டவர் வருவதும் போவதுமாக இருக்கும். வைரஸ் மட்டும் எப்படியோ ஏறிவிட்டது. பாவம் ஏமாந்துவிடும் அந்தச் சனம், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “வளைவு ஜாஸ்தி, பஸ்ஸுல குலுக்கிக்கினு வந்ததுல நெஞ்ச அடைக்குது” என்றார். வாயுவாக இருக்கும் என்று இஞ்சி தட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். முந்தின நாளே கூட்டிப் போயிருக்கலாமே என்று நினைக்காத நேரம் இல்லை. நினைத்து என்ன செய்ய.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொந்தக்காரர்கள் நம்பர் எல்லாம் அப்பா போனில்தானே இருக்கிறது என்று, இளவரசன் அதிலேயே அவர் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி எழுதி எல்லாருக்கும் அனுப்பினான். அவனைக் குறை சொல்லாதே, அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? ஊர்க்காரர்கள் வந்தார்கள், வாசல் நிறைந்தது. வெளியூரிலிருந்து ஒரு தலை தெரியவில்லை. போனில் மட்டும் பதில் வந்துகொண்டே இருந்தது. உனக்கும் பூந்துடுச்சா கந்தசாமி என்று ஒருத்தர். ஊருக்கே சொன்ன ஆளு நீயே மாட்டிக்கினியே என்று இன்னொருத்தர், சிரிக்கிற பொம்மை வேறு. உன் பதிலும் வந்தது. “அப்பா, ஒன் போன்ல வைரஸ் வந்துடுச்சி. ஒடனே ஆஃப் பண்ணு, பேங்குக்குப் போ” என்று எழுதியிருந்தாய். அவரைப் படுக்க வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இளவரசன் அதைப் படித்தான். படித்துவிட்டு அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை கண்ணு. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. உடனே அப்பா போனிலிருந்தே உனக்குக் கூப்பிட்டான், நீ எடுக்கவில்லை. அவர் சொன்னபடிதானே செய்தாய். பிறகு தன் போனிலிருந்து போட்டான், அதற்குள் நீ டவர் இல்லாத இடத்துக்கு டியூட்டிக்குப் போய்விட்டாய். விடாமல் போட்டுக்கொண்டே இருந்தான்.

என் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் எடுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். மாமாவுக்கும் மற்ற சொந்தக்காரர்களுக்கும் அப்பா போனிலிருந்து போட்டோம், வேறு போனிலிருந்தும் போட்டோம், அதுவும் வைரஸ் வேலை என்று பயந்து யாரும் எடுக்கவில்லை. கடைசியில் இளவரசன் பைக்கில் களமருதூருக்கே போனான். மாமா களத்தில் நெல் தூற்றிக்கொண்டு இருந்தாராம். இவனைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, “இன்னாடா, ஒங்க சித்தப்பா போன்லயே பூந்துட்சாமே, வந்துச்சி வந்துச்சி, நான் தொறக்கலியே” என்றாராம், ஏதோ பரீட்சையில் பாஸ் செய்த மாதிரி. அப்புறம்தான் இவன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அப்படியே முறத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சாயங்காலம் கோடிச் சேலையோடு வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். என் அண்ணன் என் காலைப் பிடித்து அழுகிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

நீ வருவாய் என்று ஐஸ் பெட்டியில் மறுநாள் மத்தியானம்வரை வைத்திருந்தோம். இன்னும் ஒரு நாள் வைக்கலாம் என்று நான் கெஞ்சினேன், பெரியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாமாவுக்கு அப்புறம் வெளியூர்க்காரர்களில் முதலில் வந்து நின்றது யார் தெரியுமா, ஷேக் தாவூது பாய்தான். போன் இல்லாததால் அவருக்கு எந்தச் சேதியும் வரவில்லை, கடைத்தெருவில் ஒருத்தர் வாயால் சொல்லக் கேட்டு அப்படியே கடையை மூடிவிட்டு வந்தார். பாடையை எடுத்தபோது தோள் கொடுக்கிற முறைக்காரர்கள் வராததால் ஆள் போதாமல் நின்றது, அவரும் அவர் மகன் சர்புதீனும் முன்னால் வந்து தூக்கினார்கள். கொள்ளி இளவரசன் வைத்தான். உன் சட்டை ஒன்றை அவன் தோளில் போட்டு அனுப்பினேன். அப்படிச் செய்யலாமா கூடாதா என்று யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆபீஸ் நம்பரைப் பிடித்து, உன் ஆபீசர் மூலமாக உனக்குச் சேதி வந்தது.

இப்போது யாருக்கும் போனில் சொல்லவில்லை. மாமாவும் இளவரசனும் வீடு வீடாகப் போய் வாயால் கருமாதிக்குச் சொல்லிவிட்டு வருகிறார்கள். கேள்விப்பட்டவர்கள் தினமும் வருகிறார்கள். வாசலில் நின்று உள்ளே வரக் கூசிக்கொண்டு போனை எடுத்து என்னிடம் நீட்டுகிறார்கள். “இதோ பாரும்மா, வந்துச்சி, அண்ணன் சொல்லிக்கினே இருந்தாரேன்னு தொறக்கல” என்று அழுகிறார்கள். வெள்ளிமலையிலிருந்தும் ஒரு ஜீப்பில் வந்தார்கள். எல்லாருக்கும் நான்தான் சமாதானம் சொல்கிறேன். அழாதீங்க, நீங்க ஒன்னும் தப்பு பண்ணல, அவர் சொன்னதைத்தானே கேட்டீங்க என்கிறேன். சொல்லும்போதுதான் எனக்கே தோன்றியது, ஆயுசு முழுக்கக் கத்தின மனுஷர் பேச்சை இந்தச் சனம் ஒரே ஒரு தடவை கேட்டது, அது இதற்குத்தான் என்று. அன்றைக்கு ராத்திரி இதை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அதனால் ஜீவா, நீயும் அவர் பேச்சைக் கேட்டாய், அவ்வளவுதான். அப்பா போன் கெட்டுவிட்டது, பணம் போய்விடப் போகிறது என்று பதறிப் பதில் போட்ட பிள்ளை எப்படிக் குற்றவாளி ஆவான்? அடுத்த வாரம் வியாழக்கிழமை கருமாதி. அன்றைக்குத்தான் என் கழுத்தில் இருப்பதை எடுப்பார்கள். நான்கு பேர் சுற்றி நின்று அதைச் செய்யும்போது நீ அங்கே இல்லை என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்? உன் முகத்தைக் காட்ட உனக்கு வெட்கம் என்றால் காட்டாதே, தலையைக் குனிந்துகொண்டு வா, மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து காரியத்தைச் செய், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் இருக்கிறேன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையடா. நீ வா.

அந்த வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. ரயிலில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. சென்னையில் இறங்கினதும் கள்ளக்குறிச்சி பஸ் பிடித்துவிடு, அங்கே இளவரசன் வந்து நிற்பான். உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுகிறேன், நீண்ட ஆயுசோடு குறை இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, ரயில் ஏறினதும் கூப்பிட்டு என்னிடம் பேசு. எழுதி அனுப்பாதே, டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பாதே. உன் குரலைக் கேட்டால்தான் நீ வருகிறாய் என்று நம்புவேன்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா
க. அம்சவள்ளி