டப்பாவில் கிடந்த பதக்கம்

மதினி,

இன்றைக்குக் காலையிலும் கம்பெனி வாசலில் மெட்டியைக் கழற்றி, வாட்ச்மேன் நீட்டிய பிஸ்கட் டப்பாவில் போட்டேன். பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் உலோகம் உரசினால் பொறி கிளம்பும், அதற்குத்தான் இந்த டப்பா. இது வேறு கம்பெனி, வேறு டப்பா. விழுகிற சத்தம் மட்டும் அதேதான். கேட்கும்போதெல்லாம் உங்கள் பதக்கம் உள்ளே விழுகிற மாதிரி இருக்கிறது.

அந்தக் கார்த்திகை மழையில் நம் பழைய கம்பெனி வேன் ஆமத்தூர்ப் பக்கம் கண்மாய்க்குள் கவிழ்ந்தபோது முதலில் வெளியே வந்தது நீங்கள்தான். அப்படியே கரையேறியிருக்கலாம். திரும்ப முங்கினீர்கள். மூன்று பேரை இழுத்துப் போட்டுவிட்டு, நாலாவதாக என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கரையில் நான் ஓவென்று அழ, "ஏ புள்ள, மொதல்ல தண்ணியத் துப்பு, பொறவு அழுதுக்கலாம்" என்று முதுகில் ஒன்று வைத்தீர்கள்.

விருதுநகர் மைதானத்தில் உங்களுக்குப் பதக்கம் குத்தினார்கள். போட்டோவில் சிரிக்கிறீர்கள், ஆனால் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கேட்டதற்கு, "எம்புட்டுத் தேச்சும் அலுமினியப் பொடி போகல புள்ள" என்றீர்கள்.

மறுநாளும் லீவு போட்டிருந்தீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போய்ப் பொங்கல் வைப்பதாகப் பேச்சு. நான் சும்மா இருந்தேனா? "கோயிலுக்கு ஞாயித்துக்கெழம போய்க்கலாம் மதினி. நாளைக்கு மெடலக் கொண்டாங்க, எல்லாரும் பாக்கணும்ங்காக" என்று போன் போட்டேன். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க.

வாட்ச்மேன் விடவில்லை. "சர்க்காரே குடுத்தாலும் உள்ள போகக்கூடாது தாயி. மத்தியானம் இங்கன வச்சு எல்லாருக்கும் காட்டுங்க" என்றார். நீங்களும் சிரித்துக்கொண்டே டப்பாவில் போட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று வேலைக்கு உள்ளே போனீர்கள்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே, நீங்கள் மருந்து கலக்கிற ரூம் வெடித்தது. நான் காகிதக் குழாய் ஒட்டுகிற கொட்டகையிலிருந்து வேலியைத் தாண்டி ஓடினேன். நீங்கள் எனக்காகத் தண்ணீருக்குள் திரும்பி வந்தீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மதினி.

சாயங்காலம் டப்பாவில் யாரும் வந்து எடுக்காத தோடும் மெட்டியும் கிடந்தன. அவற்றுக்குள்ளிருந்து பதக்கத்தை நான்தான் எடுத்தேன். உங்கள் மகளிடம் கொடுக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. கொடுத்தால், லீவு நாளில் அம்மா ஏன் அங்கே போனாள் என்று கேட்பாளே. அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அரிசி அள்ளும்போது விரலில் தட்டுப்படும். மறுபடி அடியில் தள்ளி மூடிவிடுவேன்.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள். "அத்த, பள்ளிக்கூடத்துல அம்மா மெடலக் கொண்டாரச் சொல்றாக. வீடு பூராம் தேடிட்டேன். ஒங்ககிட்ட அம்மா எதும் சொன்னாகளா?"

"தெரியலையே தாயி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் பிடித்த அதே கையை.