தலைப்பிள்ளையோ என்று கேட்கிறேன்

இன்று அலுமாரியைத் திறந்ததும் கார்பன் தாள் மணம் வந்தது. என் சட்ட மேற்படிப்பு ஆய்வேட்டின் நகல். நீ தட்டச்சில் அடித்தது. நீ கண்ணை மூடிவிட்டாய் என்று உன் தம்பி கடிதம் போட்டு மூன்று கிழமை. இன்றைக்குத்தான் அதைத் தொடத் துணிந்தேன்.

அப்போது நீ துறைமுகத்தடியில் சட்டப் பத்திரங்கள் எழுதும் ஒரு பிரக்கிராசியார் கந்தோரில் தட்டச்சுக்காரி. நான் கொழும்பில் குடியுரிமை, குடிவரவுச் சட்டம் படித்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பள்ளித் தோழி என்ற உரிமையில் என் கோழிக் கிறுக்கலை உன் தலையில் கட்டினேன். "உன்ர எழுத்தை மருந்துக்கடைக்காரன்தான் வாசிப்பான்" என்று திட்டித் திட்டி அடித்தாய். கப்பல் ஊதினால் மட்டும் உன் விரல்கள் நிற்கும். அது தேத்தண்ணி நேரம்.

ஒரு மத்தியானம் கப்பல் ஊதாமலே நிறுத்தினாய். சட்டப்படி, தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் இங்கே பிறந்த பிள்ளை பிரசை, குடியுரிமை உண்டு. வெளியே பிறந்த பிள்ளைக்கு அது போதாது, தகப்பனின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தப் பந்தியில்தான் நின்றிருந்தாய்.

"எடி, ஐயா இஞ்ச பிறந்தவர். ஆனா அப்பப்பா இந்தியாவில இருந்தெல்லோ வந்தவர்?"

"அதுக்கென்ன? நீ இஞ்சதானே பிறந்தனி."

"இல்லையடி. நான் அம்மம்மா வீட்டில, அங்க பிறந்தனான்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உன் அம்மா கடல் கடந்து போயிருக்கிறார். மூன்றாம் மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு இங்கே உப்புவெளிக்குத் திரும்பிவிட்டார். தம்பியை இங்கேயே பெற்றார். அவன் பிரசை, நீ இல்லை. முன்பு மனுப் போட்டுக் குடியுரிமை பதியும் காலம் இருந்தபோது, "நாங்கள் இந்த ஊர்ச் சனம், எங்களுக்கென்ன மனு?" என்று உன் ஐயா இருந்துவிட்டாராம்.

நான் தாளை உருவப் போனேன். நீயோ மிச்ச வரிகளை ஒரு பிழையும் இல்லாமல் அடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினாய்.

கொழும்பில் நான் ஏறாத கந்தோர்ப் படியில்லை. "ஏலாது, மிஸ்" என்றார்கள். எனக்கு ஆய்வேட்டுக்குத் திறமைச் சித்தி, உயர்ந்த தேர்ச்சி, வந்தது; உனக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் தேர்ச்சியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தலைமன்னாரில் கப்பலேறும்போதும் உன் நக்கல் போகவில்லை. "மூண்டு மாசம் இருந்த ஊருக்குப் போறன். ஆரும் என்னை மறந்திருக்கமாட்டினம்" என்றாய். நான் விம்மினேன். "அழாத. இனி வாறவளையாவது நேரத்தோட பிடி" என்றாய்.

பிடிக்கிறேன். என் சட்டக் கந்தோருக்கு வருகிறவர்களிடம் பேர், விலாசம் கேட்கமுன், "நீங்கள் தலைப்பிள்ளையோ?" என்று கேட்கிறேன். சாத்திரக்காரி என்று சிலர் சிரிக்கிறார்கள். நேற்றுப் பாலையூற்றிலிருந்து வந்த ஒரு பெண், "ஓம்" என்றாள்.

"அம்மா உங்களை எங்க வச்சுப் பெத்தவ?"

"அங்க, இந்தியாவில, அம்மம்மா வீட்டில."

இப்போது திறந்திருக்கும் குடியுரிமைப் பதிவுக்கு மனுப் போட அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நானே தட்டச்சில் அடித்துக் கொடுத்தேன். ஏழு பிழை. நீ இருந்திருந்தால் நல்லாய்த் திட்டியிருப்பாய்.